ஃபின்லாந்து பேப்பர், ஸ்வீடன் அட்டை: இரண்டு முறை வெட்டிக்கொண்ட கோடுகள்

2025 ஜூன் 8, வாசகர் கேள்வி

அண்ணாச்சி, ஐ.நா. வணிகத் தரவிலிருந்து ஃபின்லாந்து, ஸ்வீடன் இரண்டு நாட்டின் காகிதம், அட்டை ஏற்றுமதியை டாலரில் எடுத்து ஒரே படத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. 2008 வாக்கில் உச்சம், அடுத்த வருடம் சறுக்கல், அப்புறம் இழுபறி. செல்போன் வந்தது, காகிதம் போச்சு, இரண்டு பேருக்கும் ஒரே கதை. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது? பேப்பர் வியாபாரத்திலேயே காலம் தள்ளியவர் நீங்கள், சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

முதலில் அந்த டாலரைத் தூக்கிப் போடுங்கள். டன்னில் பாருங்கள், வேறு படம் வரும்.

1980-ல் ஸ்வீடன் சுமார் 62 லட்சம் டன் காகிதமும் அட்டையும் செய்தது, ஃபின்லாந்து 59 லட்சம். 1990-ல் ஃபின்லாந்து 90, ஸ்வீடன் 84. 2000-ல் ஃபின்லாந்து 135, ஸ்வீடன் 108. 2006-ல் ஃபின்லாந்து 141 லட்சத்தைத் தொட்டது, ஸ்வீடன் 121. 2020-க்கு வந்தால் ஃபின்லாந்து 82, ஸ்வீடன் 93. ஆக, எண்பதுகளில் ஒரு முறை கோடுகள் வெட்டிக்கொண்டன, ஃபின்லாந்து மேலே போனது. 2009-லிருந்து பத்து வருடம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு மேலும் கீழுமாகப் போய், 2020-ல் மறுபடி முழுசாக வெட்டிக்கொண்டன, ஃபின்லாந்து கீழே வந்தது. ஒரே கதை என்றால் இரண்டு வெட்டு எதற்கு?

ஜூன் 9

கீழே ஒருவர் "இது உற்பத்திக் கணக்கு, கேட்டது ஏற்றுமதி" என்கிறார். சரிதான். ஆனால் ஃபின்லாந்தில் 55 லட்சம் சொச்சம் பேர், ஸ்வீடனில் ஒரு கோடிக்குச் சற்று மேல். அவர்கள் எல்லோரும் ராப்பகலாக உட்கார்ந்து எழுதினாலும் அச்சடித்தாலும் இத்தனை டன் தீராது. ஃபின்லாந்து செய்வதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கப்பல் ஏறிவிடும், ஸ்வீடனிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த இரண்டு நாட்டைப் பொறுத்தவரை உற்பத்திக் கோட்டைப் பார்த்தாலே ஏற்றுமதிக் கோட்டைப் பார்த்த மாதிரி. இந்தியாவுக்கு இப்படிச் செய்யாதீர்கள், மானம் போய்விடும்.

டாலரை ஏன் தூக்கிப் போடச் சொன்னேன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2014 நடுவில் ஒரு யூரோ 1.35 டாலர் பக்கம் இருந்தது, 2015-ல் 1.10 ஆகிவிட்டது. ஆலையில் ஒரு டன் குறையாமலே உங்கள் படத்தில் ஃபின்லாந்து பள்ளத்தில் விழுந்திருக்கும். ஸ்வீடன் குரோனாவும் அதே நேரத்தில் இறங்கியதால் இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கும். நீங்கள் ஒற்றுமை என்று பார்த்ததில் பாதி டாலரின் ஏற்ற இறக்கம்தான்.

இன்னொன்று. 1995 ஜனவரி 1-ல் இரண்டு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அதற்கு முன் ஜெர்மனிக்குப் போகும் ரீலுக்குச் சுங்கத் தாள் இருந்தது, கணக்கு அங்கிருந்து வந்தது. சேர்ந்த பிறகு ஒன்றியத்துக்குள் போகும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது, கம்பெனிகள் தாமே எழுதிக்கொடுக்கும் அறிக்கைதான் கணக்கு. அந்த வருடத்தில் கோடு ஒரு சின்னக் குதி குதித்தால் ஆலையில் காரணம் தேடாதீர்கள்.

ஜூன் 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, முதல் வெட்டைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் ஃபின்லாந்து எப்படி முந்தியது? ஒரு காரணம் வரி. 1970களின் தொடக்கத்தில் இரண்டு நாடுகளும் ஐரோப்பியப் பொதுச்சந்தையோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டன. ஆனால் காகிதம் என்றால் அங்குள்ள ஆலைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல், அதனால் காகிதத்துக்கு மட்டும் வரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள். 1984 தொடக்கத்தில்தான் அது பூஜ்யமானது. கதவு இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் திறந்தது. ஃபின்லாந்துக்காரன் எதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவன் கொண்டுபோனது வாரப் பத்திரிகை அடிக்கும் பத்திரிகைத் தாள். பளபளப்பான, மெல்லிய, நான்கு வண்ணம் தாங்குகிற எல்.டபிள்யு.சி., அதற்குக் கொஞ்சம் கீழே பூச்சு இல்லாத எஸ்.சி. மேற்கு ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் வாரப் பத்திரிகை, வீட்டுக்கு வரும் விற்பனைக் கேட்டலாக் எல்லாம் கொழித்துக்கொண்டிருந்த காலம். அந்தத் தாளுக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை அரைத்த கூழ் வேண்டும், அரைக்க மின்சாரம் வேண்டும். வெப்பத்தில் மென்மையாக்கி அரைக்கும் முறையில் ஒரு டன் கூழுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் கரண்ட் குடிக்கும். ஃபின்லாந்தில் காகிதக் கம்பெனிகளே சேர்ந்து மின் நிலையங்களில் பங்கு வைத்திருந்தன, அணு உலை உட்பட, அடக்க விலைக்கே கரண்ட். மரம் சொந்தம், கரண்ட் சொந்தம், மெஷின் செய்கிற வால்மெட்டும் உள்ளூர். பிறகென்ன, போட்டார்கள் மெஷின் மேல் மெஷின்.

ஸ்வீடன் அப்போது கூழையே நிறைய விற்றுக்கொண்டிருந்தது, சாக்குப் பேப்பர், கிராஃப்ட் என்ற உறுதியான பேக்கிங் தாள், அட்டை என்று பழைய வழியிலும் போய்க்கொண்டிருந்தது. நியூஸ்பிரிண்டும், அதாவது நாளிதழ் அடிக்கும் தாளும், நிறையச் செய்தது, அதை மறைக்கவில்லை.

ஜூன் 11

என் பக்கத்துக் கதையையும் கேட்டிருக்கிறார்கள்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு இண்டெண்ட் ஏஜென்சியில் வேலை. வெளிநாட்டு ஆலைக்கும் இங்குள்ள அச்சகத்துக்கும் நடுவில் நின்று ஆர்டர் பிடிப்பது, கமிஷன் வாங்குவது. சிவகாசியிலிருந்து போனவன் என்பதால் காலண்டர், டைரி பார்ட்டிகள் என் தலையில். எண்பதுகளின் கடைசியில் ஃபின்லாந்து பேப்பர் வேண்டும் என்றால் எந்த ஆலை என்றே பேச்சு கிடையாது, ஃபின்பாப் என்ற ஒரே பெயர்தான். ஃபின்லாந்து ஆலைகள் எல்லாம் சேர்ந்து 1918-லேயே ஆரம்பித்த கூட்டு விற்பனைச் சங்கம் அது. அதற்கு முந்தைய வருடம் ரஷ்யாவில் புரட்சி, அதுவரை ஃபின்லாந்துக் காகிதத்தின் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்த ரஷ்யச் சந்தை ஒரேயடியாக மூடிக்கொண்டது. தனித்தனியாக மேற்கே போனால் அடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள் என்று ஒன்றாகச் சேர்ந்தார்கள். எழுபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டி, ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டம் வந்ததும் தொண்ணூறுகளின் நடுவில் கலைத்தார்கள். ஸ்வீடன் ஆலைகளோ தனித்தனியாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு கண்டிஷன், ஒரு பிடிவாதம்.

எங்களிடம் வந்து போன சரக்கை வைத்துச் சொன்னால், வாரப் பத்திரிகைக்கும் ராப்பருக்கும் ஃபின்லாந்து ரீல் கேட்பார்கள், மருந்து டப்பாவுக்கும் நல்ல சோப்பு டப்பாவுக்கும் ஸ்வீடன் போர்டு கேட்பார்கள். அன்றைக்கு அதை நான் ருசி என்றுதான் நினைத்தேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விடை அந்த ஆர்டர் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

இல்லை, ஸ்டாக் லாட், அதாவது ஆலைகள் கழித்துவிட்ட மிச்சச் சரக்கு வியாபாரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இங்கே எழுத மாட்டேன். ஒரு முறை ஏ கிரேடு என்று சொல்லி ஒரு தரகர் தலையில் கட்டிய ரீல்களைப் பிரித்தபோது பாதி ரீல் ஓரம் நசுங்கி, நடுவில் ஒட்டுப் போட்டு, மெஷினில் ஏற்றினால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. எந்த நாட்டு ரீல் என்று கேட்காதீர்கள், லேபிளைக் கிழித்துத்தான் அனுப்பியிருந்தார்.

ஜூன் 14

"எல்லாம் கரன்சி விளையாட்டு" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நல்ல வாதம். பழைய காலத்துக்கு அது பொருந்தும்.

காகித விலை சரிந்து ஆலை மூச்சு வாங்கினால் நாணயத்தை இறக்குவது இரண்டு நாட்டுக்கும் கைவந்த வைத்தியம். ஃபின்லாந்து 1957-லும் 1967-லும் பெரிதாக இறக்கியது. 1982 அக்டோபரில் ஸ்வீடன் குரோனாவை 16 சதவீதம் இறக்கியபோது அதே மாதத்தில் ஃபின்லாந்தும் தன் நாணயமான மார்க்காவை இறக்கியது. எதிர்வீட்டுக்காரன் விலையைக் குறைத்தால் நாம் சும்மா இருக்க முடியுமா? 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்து அந்த வியாபாரம் போனது, மார்க்காவை மறுபடி இறக்கினார்கள், 1992 செப்டம்பரில் மிதக்கவிட்டார்கள். நவம்பரில் குரோனாவும் மிதந்தது. அதன் பிறகுதான் இரண்டு நாட்டுக் காகித ஏற்றுமதியும் தொண்ணூறுகளில் அப்படி ஏறியது.

பிறகு வழி பிரிந்தது. ஃபின்லாந்து யூரோவுக்குள் போனது. ஸ்வீடன் 2003 செப்டம்பரில் வாக்கெடுப்பு வைத்து வேண்டாம் என்றது. 2008-ல் நிதி நெருக்கடி வந்ததும் குரோனா யூரோவுக்கு எதிராகச் சரிந்தது. ஒன்பதரை பக்கம் இருந்தது 2009 தொடக்கத்தில் 11-க்கு மேல் போனது. ஜெர்மன் அச்சகத்துக்கு அதே டன் ஸ்வீடன் பேப்பரை விலை குறைத்துக் கொடுக்கலாம், ஸ்வீடன் ஆலைக்குக் கையில் வரும் குரோனா குறையாது. ஃபின்லாந்து ஆலைக்கு அந்த வசதி இல்லை. அந்த ஒரே வருடத்தில் ஃபின்லாந்து உற்பத்தி சுமார் 106 லட்சம் டன்னுக்கு விழுந்தது.

அதனால் உங்கள் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது.

ஜூன் 16

இரண்டு நாள் யோசித்தேன், கரன்சிக்கு அவ்வளவு மார்க் போட மனம் வரவில்லை. 2012, 2013-ல் குரோனா திரும்பி ஏறிவிட்டது, ஒரு யூரோவுக்கு எட்டரை பக்கம். கரன்சிதான் காரணம் என்றால் அந்த வருடங்களில் ஃபின்லாந்து எழுந்து ஸ்வீடன் படுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மிஞ்சிப் போனால் 2009-ன் அடியை ஸ்வீடனுக்குக் கொஞ்சம் மெதுவாக விழச் செய்தது குரோனா.

அசல் விஷயம் "காகிதம் மற்றும் அட்டை" என்கிற அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. சுங்கப் பட்டியலில் 48-ஆம் அத்தியாயம் என்று ஒன்று. நியூஸ்பிரிண்ட், ஆர்ட் பேப்பர், டிஷ்யூ, கிராஃப்ட், பால் பாக்கெட் அட்டை, நோட்டுப் புத்தகம், கவர் எல்லாம் அதற்குள். பூக்கடையையும் கறிக்கடையையும் ஒரே பேரேட்டில் எழுதிவிட்டு, வியாபாரம் ஏன் இறங்கியது என்று கேட்கிறோம்.

பிரித்துப் பாருங்கள். 2000களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, ஃபின்லாந்து செய்ததில் அட்டை ஐந்தில் ஒரு பங்கு மாதிரிதான். மீதி பெரும்பாலும் படிக்க, எழுத, அச்சடிக்க. ஸ்வீடனில் அதே நேரத்தில் கட்டுவதற்கும் மூடுவதற்குமான சரக்கு கிட்டத்தட்ட பாதி. அப்புறம் வாசிப்பவன் கைபேசிக்குப் போனான், ஆனால் அதே கைபேசியில் செருப்பு ஆர்டர் போட்டான், அது அட்டைப் பெட்டியில் வந்தது. ஒரே சம்பவம், ஒரு நாட்டின் பாதிச் சரக்கை அடித்தது, இன்னொரு நாட்டின் ஐந்தில் நான்கு பங்குச் சரக்கை அடித்தது.

செல்போன் காகிதத்தைக் கொன்றது என்று நீங்கள் சொன்னது சரி தம்பி. எந்தக் காகிதத்தை என்று சேர்த்துக் கேட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

ஜூன் 17

ஆம், ஃபின்லாந்திலும் அட்டை உண்டு. இமாத்ராவில் இருப்பது உலகத்திலேயே பெரிய பால்-ஜூஸ் அட்டை ஆலைகளில் ஒன்று. அட்டையே செய்யத் தெரியாதவர்கள் என்று நான் எங்கே எழுதினேன்?

ஜூன் 22

இரண்டாவது வெட்டு பற்றி எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

2006-ல் ஃபின்லாந்தின் பெரிய காகிதக் கம்பெனி யு.பி.எம். தன் வொய்க்கா ஆலையை மூடியது. பத்திரிகைத் தாள் செய்த ஆலை. ஃபின்லாந்தில் அன்றைக்கு அது பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் அதுவரை அங்கே காகித ஆலை என்றால் தாத்தா, அப்பா, மகன் என்று போகும் வேலை. அந்த நாட்டின் மொத்த ஏற்றுமதியில் 1950 வாக்கில் ஐந்தில் நான்கு பங்கு மரத்திலிருந்து வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த அதிர்ச்சி புரியும். 2008 ஜனவரியில் ஸ்டோரா என்சோ என்ற இன்னொரு பெரிய கம்பெனி ஹமினாவுக்குப் பக்கத்தில் இருந்த சும்மா ஆலையை மூடியது (தமிழில் படித்துச் சிரிக்காதீர்கள், ஊர்ப் பெயரே அதுதான்). அதே வருடக் கடைசியில் யு.பி.எம். தன் கயானி ஆலையை மூடியது. 2011-ல் மில்லிகொஸ்கி என்ற கம்பெனியை யு.பி.எம். வாங்கியது, அந்த வருடக் கடைசியிலேயே அதன் ஃபின்லாந்து ஆலையை மூடியது. மெஷினுக்காக வாங்கவில்லை, சந்தையில் தாள் குறையட்டும் என்று வாங்கினார்கள் என்றுதான் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் பேசினோம்.

சும்மா ஆலைக்கு என்ன ஆனது தெரியுமா? கூகுள் 2009-ல் அந்த இடத்தை வாங்கி டேட்டா சென்டர் ஆக்கியது, ஆலைக்காகக் கடலிலிருந்து வெட்டிய தண்ணீர்ச் சுரங்கத்தையே சர்வர்களைக் குளிரவைக்கப் பயன்படுத்திக்கொண்டது. நியூஸ்பிரிண்டைத் தின்றவனே நியூஸ்பிரிண்ட் ஆலையில் குடி வந்தான். கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

2020-ல் கொரோனா. அலுவலகம் மூடல், விளம்பரத் தாள் இல்லை, பத்திரிகை மெலிந்தது. ஐந்து வருடத்தில் மெல்ல விழ வேண்டிய தேவை ஒரே வருடத்தில் விழுந்தது. அந்த ஆகஸ்ட்டில் யு.பி.எம். கைப்போலாவை மூடுவதாக அறிவித்து வருடக் கடைசியில் மூடியது. ஃபின்லாந்தின் கடைசி நியூஸ்பிரிண்ட் ஆலை அது. அதாவது உலகத்துக்கெல்லாம் பேப்பர் அனுப்பிய நாட்டில் காலை நாளிதழ் அடிக்க வெளிநாட்டு ரீல் இறக்குமதி செய்ய வேண்டிய நிலை. கோடுகள் முழுசாக வெட்டிக்கொண்ட வருடம் அதுதான்.

இதில் எனக்குத் தாங்க முடியாத வேடிக்கை அணு உலை. கரண்ட் சொந்தம் என்று முன்பு எழுதினேன் இல்லையா, அதே காகிதக் கம்பெனிகள் பங்குபோட்டு ஒல்கிலுவோட்டோவில் மூன்றாவது உலை ஒன்று ஆர்டர் கொடுத்தார்கள், 2005-ல் வேலை தொடங்கியது, 2009-ல் ஓட வேண்டும். ஓடியது 2023 ஏப்ரலில். உலை வருவதற்குள், அந்தக் கரண்டைக் குடிக்க இருந்த மெஷின்களில் ஒரு பெரிய பகுதி பழைய இரும்பாகப் போய்விட்டது.

ஜூன் 23

"ஸ்வீடன்காரன் புத்திசாலி, முன்பே பார்த்துவிட்டான்" என்று மூன்று பேர். வேண்டாம் அந்தப் பேச்சு.

ஸ்வீடனுக்கு அட்டை ஏன் வந்தது? 1951-ல் லுண்ட் நகரத்தில் டெட்ரா பாக் தொடங்கினார்கள், முதலில் முக்கோணக் கூம்பு மாதிரி பாக்கெட், பிறகு செங்கல் மாதிரி பெட்டி. (நமக்கு அந்தப் பெட்டி பரவலாகக் கைக்கு வந்தது 1985-ல் ஃப்ரூட்டியோடு.) அதற்கான அட்டையை ஸ்கோகால், ஃப்ரோவி ஆலைகள் செய்து பழகின. வடக்கே நீளநார் மரமும், ரசாயனத்தில் வேகவைத்த சல்ஃபேட் கூழும் இருந்ததால் கிராஃப்ட்லைனர், அதாவது அட்டைப் பெட்டியின் வெளிமுகத் தாள். இதெல்லாம் இணையம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அமைந்தவை. எண்பதுகளில் பத்திரிகைத் தாளில் ஃபின்லாந்து அளவுக்குப் பாய ஸ்வீடனால் முடியவில்லை, அது அன்றைக்குப் பின்தங்கல், இன்றைக்கு அதிர்ஷ்டம்.

ஃபின்லாந்து முட்டாளும் இல்லை. 1985-ல் நான் அந்தக் கம்பெனிகளில் உட்கார்ந்திருந்தாலும் பத்திரிகைத் தாள் மெஷினுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். வாங்குகிறவன் வரிசையில் நிற்கிறான், லாபம் கொழுத்தது, உங்களை விட நன்றாகச் செய்ய ஆளில்லை. ஒன்றை மிக நன்றாகச் செய்ததுதான் பின்னால் வினை ஆனது.

ஸ்வீடனும் தப்பவில்லை. சுண்ட்ஸ்வாலில் எஸ்.சி.ஏ. என்ற ஸ்வீடன் கம்பெனி தன் ஓர்ட்விக்கன் ஆலையில் பத்திரிகைத் தாளை 2021 தொடக்கத்தில் நிறுத்தியது. பூர்லாங்கேயில் ஸ்டோரா என்சோவின் க்வார்ன்ஸ்வேடன் அதே வருடம் மூடியது. அந்த இடத்தை நார்த்வோல்ட் பேட்டரித் தொழிற்சாலைக்கு வாங்கியது, திட்டம் கைவிடப்பட்டது, இப்போது அங்கேயும் டேட்டா சென்டர் பேச்சு. ஆக 2006 உச்சத்திலிருந்து 2023-க்குள் ஸ்வீடன் மூன்றில் ஒரு பங்கு போல இழந்தது, ஃபின்லாந்து பாதிக்கு மேல். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

ஜூன் 23, இரவு

கனடாவைச் சேர்க்கலாமா என்றால், சேர்க்கலாம். அது நியூஸ்பிரிண்டை அமெரிக்காவுக்கு விற்று அதே குழியில் இன்னும் ஆழமாக விழுந்த கதை. நான் கனடா சரக்கு அதிகம் கையாளவில்லை, தெரிந்தவர் யாராவது தனி இழை போடுங்கள்.

ஜூலை 2

இவ்வளவு நாடு நாடு என்று பேசுகிறோம், ஆனால் 1998-ல் ஸ்வீடனின் ஸ்டோராவும் ஃபின்லாந்தின் என்சோவும் ஒரே கம்பெனி ஆகிவிட்டன. 2021 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் ஃபின்லாந்தின் வெய்ட்சிலுவோட்டோவையும் ஸ்வீடனின் க்வார்ன்ஸ்வேடனையும் மூடுவதாகச் சொன்னார்கள். ஃபின்லாந்தில் 670 பேர் வேலை, ஸ்வீடனில் 440 பேர் வேலை. ஒரு மேஜையில் எடுத்த முடிவு இரண்டு நாட்டு ஏற்றுமதிக் கணக்கிலும் விழுகிறது. இன்னொரு பக்கம், ஸ்வீடனின் அட்டை ஏற்றுமதியில் கணிசமான ஒரு பங்கு ஹூசும் ஆலையிலிருந்து போகிறது. அந்த ஆலையை நடத்துவது ஃபின்லாந்தின் மெட்சா போர்டு. அந்தக் கம்பெனி தன் நாட்டில் பத்திரிகைத் தாள் ஆலைகளை 2008-ல் சாப்பி என்ற கம்பெனியிடம் விற்றுவிட்டு அட்டைக்கு மாறியது, அதில் ஒரு காலை ஸ்வீடனில் ஊன்றிக்கொண்டது. லாபம் ஹெல்சின்கிக்குப் போகலாம், டன் ஸ்வீடன் கோட்டில்தான் ஏறும்.

சரக்கு எங்கே போனது என்பதும் இப்படித்தான். ஃபின்லாந்து ரீல் பெரும்பாலும் லூபெக் துறைமுகத்தில் இறங்கி அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பிரியும். நாங்கள் ஆர்டர் போட்ட காலத்தில் ஒரே சரக்கு எந்த நாட்டுப் பெயரில் எழுதப்பட்டது என்பது எந்தக் காகிதத்தை யார் தட்டச்சு செய்தார் என்பதைப் பொறுத்திருந்தது.

ஜூலை 9

2022 பற்றிக் கேட்டவருக்கு. அந்த வருடத்தை ஒப்பீட்டில் வைக்காதீர்கள். ஜனவரி 1-லிருந்து ஏப்ரல் 22 வரை, 112 நாள், ஃபின்லாந்தில் யு.பி.எம். ஆலைகளில் வேலைநிறுத்தம். ஸ்டிக்கருக்கு அடியில் இருக்குமே வழவழப்பான ரிலீஸ் பேப்பர், அதற்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது, லேபிள் அடிக்கிறவர்கள் தவித்தார்கள். அதே வருடம் உக்ரைன் போர், ரஷ்யாவிலிருந்து மரம் வருவது நின்றது. ஃபின்லாந்து ஆலைகள் பிர்ச் மரத்துக்கு ரஷ்யாவை நிறைய நம்பியிருந்தன, 2007-லிருந்தே ரஷ்யா ஏற்றுமதி வரி போட்டு அந்தக் குழாயைத் திருகிக்கொண்டுதான் இருந்தது, 2022-ல் முழுசாக அடைத்தது. ஸ்வீடனுக்கு இந்த அடி அவ்வளவு இல்லை. 2005-ஐயும் தள்ளிவையுங்கள், அந்தக் கோடையில் ஃபின்லாந்துக் காகிதத் தொழிலே ஆறு வாரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. 2004-க்கும் 2006-க்கும் நடுவில் பள்ளம் தெரிந்தால் அதுதான்.

ஜூலை 20

ஒரு விஷயம் பாக்கி. உங்கள் படத்தில் கூழ் இல்லை. கூழ் 47-ஆம் அத்தியாயம், காகிதம் 48.

இது சின்ன விஷயம் இல்லை. கெமி என்ற ஊரை எடுங்கள், ஃபின்லாந்தின் வடக்கே. 2021-ல் அங்கே வெய்ட்சிலுவோட்டோ மூடியது, நம் அலுவலகங்களில் ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரித் தாள் செய்த ஆலை. 2023 செப்டம்பரில் அதே ஊரில் மெட்சாவின் புதிய கூழ் ஆலை ஓட ஆரம்பித்தது, வருடத்துக்கு 15 லட்சம் டன். அதற்கு முன் 2017-ல் ஆனெகொஸ்கியில் 13 லட்சம் டன் ஆலை. மரம் வெட்டுவது நிற்கவில்லை, லாரி ஓடுவது நிற்கவில்லை, கப்பல் போவதும் நிற்கவில்லை. 48-லிருந்து 47-க்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். அதில் பெரிய பங்கு சீனாவுக்குப் போய் அங்கே டிஷ்யூவாகவும் அட்டையாகவும் ஆகிறது.

முன்பு ஸ்வீடன் கூழ் விற்றது, ஃபின்லாந்து தன் கூழைத் தாளாக்கி விற்றுப் பெருமைப்பட்டது என்று எழுதினேன். இப்போது இடம் மாறிவிட்டது. கூழையும் சேர்த்துக் கூட்டினால் ஃபின்லாந்தின் சரிவு குறைவாகத் தெரியும், ஆனால் ஒரு டன் கூழின் விலையும் ஒரு டன் ஆர்ட் பேப்பரின் விலையும் ஒன்றல்ல, மெஷின் ஓட்டிய ஆட்களின் வேலையும் கூழோடு திரும்பி வராது. இந்தக் கணக்கை ஃபின்லாந்துக்காரர்களே தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

ஜூலை 21

படத்தைத் திருத்திப் போட்ட தம்பிக்கு நன்றி. டன்னில் மூன்று கோடு: அச்சுத் தாள், அட்டை, கூழ். இப்போது பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரே ஒரு குறை, ஸ்வீடனுக்கு மஞ்சள், ஃபின்லாந்துக்கு நீலம் போட்டிருக்கலாம், இரண்டுக்கும் நீலம் போட்டால் எங்களைப் போல் வயதானவர்கள் என்ன செய்வது.

ஆகஸ்ட் 30

மூன்றாவது முறை கோடுகள் வெட்டிக்கொள்ளுமா என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஊலு என்ற ஊரில் ஸ்டோரா என்சோ 2020-ல் ஆர்ட் பேப்பரை நிறுத்தி ஒரு மெஷினைக் கிராஃப்ட்லைனருக்கு மாற்றியது. அங்கேயே இன்னொரு மெஷினைச் சுமார் நூறு கோடி யூரோ செலவில் டப்பா அட்டைக்கு மாற்றி 2025-ல் ஓட்ட ஆரம்பித்தார்கள், முழு வேகம் வந்தால் வருடத்துக்கு ஏழரை லட்சம் டன். ஸ்வீடனும் சும்மா இல்லை, 2019-ல் பில்லருட் என்ற கம்பெனி க்ருவோனில் ஐந்தரை லட்சம் டன் அட்டை மெஷின் போட்டது, 2023-ல் எஸ்.சி.ஏ. ஓபோலாவில் கிராஃப்ட்லைனரைப் பெரிதாக்கியது. ஆக இரண்டு பேரும் ஒரே அட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள், எண்பதுகளில் ஃபின்லாந்துக்காரர்கள் பத்திரிகைத் தாளுக்குப் பாய்ந்த அதே வேகத்தில். நடுவில் சீனா டப்பா அட்டையைத் தேவைக்கு மேல் செய்து எல்லா ஊரிலும் கொட்டிக்கொண்டிருக்கிறது.

என் பந்தயம்: டன்னில் ஃபின்லாந்து திரும்ப ஸ்வீடனைத் தாண்டாது. ஊலு ஏழரை லட்சம் கொடுத்தாலும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பத்திரிகைத் தாள் மெஷின்களில் இரண்டு நின்றால் அந்தக் கூடுதல் அதிலேயே கழிந்துவிடும். தோற்றால் ஆண்டர்சன் தெருவில் காபி, வருகிறவர் ஃபின்லாந்துக் கணக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வரட்டும். உள்ளூர்த் தாளிலேயே எடுக்கலாம்.